ரங்கூனில் மூன்று நூறு டாலர் நோட்டுகள்

2019 டிசம்பரில் பத்து நாள் பர்மாவுக்குத் தனியாகப் போய்வந்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் திரும்பி வந்த சில மாதங்களில் உலகமே வீட்டுக்குள் அடைந்துகொண்டது. பிறகு 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சுற்றுலா என்ற சொல்லை எடுக்கவே மனம் வரவில்லை. போன மாதம் என் தோழி ஒருத்தி குறைந்த செலவில் வியட்நாம் போகப் போவதாகச் சொல்லி, "கையில் எவ்வளவு எடுத்துக்கொண்டு போனாய்?" என்று கேட்டாள். பதில் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தரும் விலைகளெல்லாம் அன்றைய விலைகள். அப்போது ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1,500 கியாட் (பர்மியப் பணம்), நம் ஒரு ரூபாய்க்கு 21 கியாட். இன்றைக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆனால் நான் மாட்டிக்கொண்ட இடங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் இருக்கும்.

நான் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அப்பாயி ரங்கூனில் பிறந்தவள். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, மறு ஆண்டு தாத்தாவோடும் கைக்குழந்தையாக இருந்த அப்பாவோடும் கப்பலேறி வந்தாள். அவள் தங்கை மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். தங்கையின் மகன், எனக்குச் சித்தப்பா முறை, அப்பாயி குடியிருந்த 26ஆம் தெருவின் அதே மூன்றாம் மாடி வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். சின்ன வயதில் அப்பாயி எனக்கு ராஜா ராணி கதை சொன்னதே இல்லை. அந்த மாடியிலிருந்து கயிறு விட்டுக் காய்கறி வாங்கிய கதையைத்தான் சொல்வாள். அவள் இறந்து இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. மூன்று ஆண்டுச் சேமிப்பில் 43,000 ரூபாய் சேர்ந்திருந்தது. கோலாலம்பூர் வழியாகப் போய்வர விமான டிக்கெட் 17,500. மின்விசா 50 டாலர், அதாவது 3,600 ரூபாய். மிச்சத்தில் மூன்று நூறு டாலர் நோட்டுகள் வாங்கினேன். ரங்கூனில் இருக்கும் நாட்களில் சித்தப்பா வீட்டில் தங்கல், இடையில் இரண்டு நாள் பழைய கோயில்கள் நிறைந்த பகான், போக வர ராத்திரி பஸ். காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோது 60 டாலர் மிஞ்சியது. பகானில் அரக்குக் கிண்ணம் ஒன்று வாங்கலாம் என்றுகூட எழுதி வைத்திருந்தேன்.

முதல் அடி விமான நிலையத்திலேயே விழுந்தது. வங்கிக் கவுன்டரில் முதல் நோட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு 1,50,000 கியாட் எண்ணிக் கொடுத்தார்கள். தைரியம் வந்து இரண்டாவதையும் நீட்டினேன். அந்தப் பெண் நோட்டை விளக்குக்கு நேரே பிடித்தாள், பெருவிரலால் நடுவில் தடவினாள், திருப்பித் தந்துவிட்டாள். நோட்டின் நடுவே ஒரு மடிப்பு. நான் மூன்றையும் இரண்டாக மடித்துச் சின்னப் பர்சில் வைத்து, பர்சை இடுப்புப் பையில் செருகியிருந்தேன். முதல் நோட்டு புதிது, மடிப்பு பதியவில்லை. இரண்டாவது பழசு, பதிந்துவிட்டது. மூன்றாவதில் மடிப்பே தெரியவில்லை. ஆனால் பின்பக்க ஓரத்தில் மிளகு அளவுக்கு நீல மை முத்திரை இருந்தது, எந்த ஊர் வியாபாரி குத்தியதோ. அதையும் தள்ளிவிட்டாள். பக்கத்தில் இரண்டு கவுன்டர்களில் கேட்டேன், தலையை ஆட்டிவிட்டார்கள். கள்ள நோட்டு என்று யாரும் சொல்லவில்லை, அழுக்கு என்றுகூடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். என் கைப்பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நாட்டுக்குள் காலெடுத்து வைத்த பத்தாவது நிமிடத்தில் பயனற்றுப் போனது. கால் நடுங்கியது. அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

இதைச் சொன்னபோது சித்தப்பா ஆச்சரியப்படவே இல்லை. "எங்கள் கண்ணெதிரே மூன்று முறை நோட்டு வெறும் காகிதமாகியிருக்கிறது, பாப்பா. இந்த ஊர்க்காரன் நோட்டைத் தடவிப் பார்க்காமல் வாங்க மாட்டான்" என்றார். 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் பெட்டியில் இருந்த பணம் அதில்தான் போனது என்று அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1985இல் மறுபடியும் செய்தார்கள். 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாமல் ஆக்கினார்கள். அப்படிப் பட்டவர்கள் டாலரைச் சேமித்தால் அதைப் பச்சைக் குழந்தையைப் போலத்தான் பார்த்துக்கொள்வார்கள். பர்மா என்றில்லை, டாலரைக் கையில் கொண்டுபோகும் எந்தப் பயணத்துக்கும் இதைச் சொல்கிறேன். நோட்டு வாங்கும் கடையிலேயே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, மடிப்போ கிறுக்கலோ முத்திரையோ கிழிசலோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நம் பணம். பர்சில் வைக்காதீர்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் தட்டையாக வைத்து, அந்தப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் நூறு டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை பத்து, இருபது டாலர் நோட்டுகளுக்குக் கிடைக்காது என்பதும் எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் பஸ்ஸுக்கு 500 கியாட்தான். டாக்சி கேட்டிருந்தால் எட்டாயிரமாவது ஆகியிருக்கும். அந்த ஒன்றில் மட்டும் அன்று நான் செய்தது சரி. மாலை ஆறு மணிக்கு 26ஆம் தெருவில் இறங்கினேன். செங்குத்தான குறுகிய படிக்கட்டு. மூன்றாம் மாடியில் சித்தி வாசலிலேயே நின்றாள். கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், பக்கத்தில் பர்மியத் தேயிலை ஊறுகாய்க் கலவை என்று சாப்பாடு. தமிழும் பர்மியமும் கலந்து பேசும் வீடு. தங்கை முறையான அவர்கள் மகள் என் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நான் கால் நீட்டி உட்கார்ந்து, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த நேரத்தில் சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போன வாரம்தான் வார்டு அலுவலகத்தில் கேட்டேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் வீட்டில் ராத்திரி தங்கக் கூடாதாம். பகலெல்லாம் இரு, சாப்பிடு. படுக்க மட்டும் ஓட்டலுக்குப் போக வேண்டும்." அவர் குரல் அடைத்துக்கொண்டது. அப்பாயி பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு ராத்திரி தூங்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. எனக்கு வந்தது கோபமா துக்கமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பயணிகள், அவர்களை ஏற்க உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அந்த நாட்டின் விதி. உள்ளூர்க்காரர்கள் தங்கும் மலிவு விடுதிகள் நிறைய இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அந்த உரிமம் கிடையாது. அது தெரியாமல் இரவு ஒன்பது மணிக்கு சித்தப்பா என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடக்க, நான் பின்னே நடந்தேன். முதல் விடுதியில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்தார்கள். இரண்டாவதிலும் அதுவே. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், எனக்காக ஒவ்வொரு மேசையின் முன்னும் குனிந்து கெஞ்சினார். மூன்றாவது இடத்தில் இடம் இருந்தது, 25 டாலர். ஜன்னல் இல்லாத அறை. சித்தப்பா பணத்தை எடுத்தார்; நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வரவேற்பு மேசைக்கு முன்னால் இருவரும் சண்டை போட்டோம். கடைசியில் நான்தான் கொடுத்தேன், 37,500 கியாட். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த அறையில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்து கையிலிருந்ததை மூன்று முறை எண்ணினேன். ஒன்பது இரவில் ஒரு இரவு முடியும் முன்பே, செல்லுபடியாகும் பணத்தில் கால் பங்கு போய்விட்டது.

சித்தப்பா முன்னமே சொல்லியிருக்கலாமே என்று அப்பா பிறகு வருத்தப்பட்டார். தப்பு என்னுடையது. மூன்று மாதமாகத் தொலைபேசியில் பேசினேன், தேதி சொன்னேன், என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டேன். "உங்கள் வீட்டில் ராத்திரி தங்க முடியுமா?" என்று ஒருமுறைகூட நேராகக் கேட்கவில்லை. உறவுக்காரர்களிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். எப்படியாவது அனுமதி வாங்கிவிடலாம் என்று அவர் கடைசிவரை அலைந்திருக்கிறார்; முடியாது என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. இலவசமாகத் தங்க இடம் இருக்கிறது என்று நம்பி டிக்கெட் எடுக்கும் முன்பு, அந்த நாட்டில் வெளிநாட்டவர் தனியார் வீட்டில் தங்கலாமா, தங்கினால் எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பார்த்துவிடுங்கள். பிறகு உறவினரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எது எப்படி இருந்தாலும் முதல் இரண்டு இரவுக்கு ஒரு மலிவுப் படுக்கையைப் பதிவு செய்துகொண்டு போங்கள். மறுநாள் காலையில் தேடியபோது, ஐந்து நிமிட நடை தூரத்தில், பெண்களுக்கு மட்டுமான பொது அறையில் ஒரு படுக்கை 12,000 கியாட்டுக்கு, காலை உணவோடு கிடைத்தது. முட்டை, ரொட்டி, வாழைப்பழம், தேநீர் என்று நிறையவே தந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியம்வரை பசிக்காது. ராத்திரி பதற்றத்தில் எடுத்த அறைக்கும் பகலில் நிதானமாகத் தேடிய படுக்கைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் 25,500 கியாட்.

அடுத்த ஒன்றரை நாளைப் பணத்துக்கு அலைந்தே தொலைத்தேன். வங்கி அட்டை இருக்கிறதே என்று ஏடிஎம்முக்குப் போனால் அட்டையை ஏற்கவில்லை. என் அட்டை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்படாமல் இருந்தது. அதைத் திறக்க இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும். நானோ செலவுக்குப் பயந்து ரோமிங் இல்லாமல் வந்து, உள்ளூர் சிம் வாங்கிப் போட்டிருந்தேன். தொலைபேசியின் அருகே அப்பா உட்கார்ந்திருக்கிறார், ஆனால் ஓடிபி வர வேண்டிய சிம் என் பையில் உயிரில்லாமல் கிடக்கிறது. இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். அந்த மதியம் அடைந்த தவிப்பு ஒரு வரியில் அடங்காது. 2020 மார்ச்சுக்குப் பிறகு நம் வங்கிகள் தரும் அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன, வெளிநாட்டுக்கு நாமேதான் திறந்துகொள்ள வேண்டும். கிளம்பும் முன் அதைச் செய்து, குறுஞ்செய்தி வரும் அளவுக்காவது ரோமிங் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வங்கிகள் என் இரண்டு நோட்டுகளையும் திருப்பிவிட்டன. கடைசியில் தங்கைதான் தன்னுடன் வேலை பார்ப்பவர்களிடம் விசாரித்து, உரிமம் பெற்ற ஒரு சின்ன நாணயமாற்றுக் கடைக்கு அழைத்துப் போனாள். அவர்கள் டாலருக்கு 1,350 தான் தருவோம் என்றார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு மடிப்புக்கும் ஒரு மிளகளவு மைக்கும் 30,000 கியாட் அபராதம்.

பணம் கையில் வந்த பிறகுதான் ஊர் என் கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் அதே தெருக்களில்தான் நடந்திருக்கிறேன், எதுவும் நினைவில் இல்லை. கைச்செலவு குறைவாக இருந்தால் ரங்கூனில் பொழுது போகாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டவுன் பஸ்ஸில் எங்கே போனாலும் 200 கியாட். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உண்டியல் போல ஒரு பெட்டி, அதில் போட வேண்டும். சில்லறை திருப்பித் தர யாரும் இல்லை. அதனால் நூறு, இருநூறு நோட்டுகளைத் தனியாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் எண்கள் பல இடங்களில் பர்மிய இலக்கத்தில் இருக்கும். தங்கை ஒரு துண்டுக் காகிதத்தில் பத்து இலக்கங்களையும் எழுதிக் கொடுத்தாள். ஒன்றும் எட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், வட்டத்தின் வாய் திறந்திருக்கும் பக்கம்தான் வேறு. அதை அரை மணி நேரம் எழுதிப் பழகியதில் டாக்சிச் செலவு பாதியாகக் குறைந்தது. எழுத்து புரியாத எந்த நாட்டுக்குப் போனாலும் இலக்கங்களை மட்டுமாவது கற்றுக்கொண்டு போங்கள். விலைப் பலகையும் படிக்கலாம்.

நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலுக்கும் 200 கியாட்தான். ஏறக்குறைய 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நகரம் மெல்ல மறைந்து கீரைத் தோட்டங்கள் வந்தன. ஒரு நிலையத்தில் கூடை கூடையாகக் கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு பெண்கள் ஏறினார்கள். ஈர மண் வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. எதிரே இருந்த அம்மாள், கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியவர், ஒரு கட்டிலிருந்து வாடிய இலைகளைக் கிள்ளிக் கிள்ளி ஜன்னல் வழியே போட்டுக்கொண்டே வந்தார். கட்டு இளைத்துக்கொண்டே போனது. ஆனால் கடைசியில் அதை வாழைநாரால் இறுக்கிக் கட்டியபோது பசுமையாகப் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். புரியவில்லை என்று கைகாட்டியதும் சிரித்து, ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அந்த மூன்று மணி நேரத்தில் பணத்தைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். தெருவோரத்தில் தோசை சுடுகிறார்கள். பர்மியர்களும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். காலையில் 800 கியாட்டுக்கு மொஹிங்கா, மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ். கடைகளில் ஒரு கறி சொன்னால் சூப்பும் பச்சைக் காய்களும் துவையலும் கூடவே வந்துவிடும். முகலாயர்களின் கடைசி அரசர் பகதூர் ஷா ஜாபர் 1862இல் நாடு கடத்தப்பட்ட நிலையில் இறந்து புதைக்கப்பட்ட இடம் இந்த ஊரில்தான் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஸ்வேடகான் பகோடாவுக்கு மட்டும் வெளிநாட்டவருக்கு 10,000 கியாட். என் நிறத்தையும் லுங்கியையும் பார்த்து யாரும் கேட்க மாட்டார்கள், அப்படியே உள்ளே போய்விடு என்று ஒருவர் சொன்னார். நான் கொடுத்துவிட்டுத்தான் போனேன். கோயிலில் திருட்டுத்தனமாக நுழைந்து என்ன கும்பிடுவது? கொடுத்த பணம் முழுதாகப் பலன் தர வேண்டும் என்று மாலை நான்கு மணிக்குப் போய் ஒன்பது மணிவரை இருந்தேன். 99 மீட்டர் உயரப் பொற்கோபுரம் வெயிலில் ஒரு நிறம், அந்தியில் ஒரு நிறம், விளக்கொளியில் வேறு நிறம். பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு, சனிக்கிழமைக்கு நாகம். அங்கே என் வயதுக்கேற்ப முப்பத்து நான்கு குவளை தண்ணீர் ஊற்றினேன். அப்பாயியும் சனிக்கிழமை பிறந்தவள்தான். அவள் பேரிலும் ஊற்றினேன்.

நான்காம் நாள் இரவு பகானுக்குப் பஸ். நெடுந்தூரப் பஸ்கள் கிளம்பும் ஆங் மிங்கலா நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. நெரிசலில் அங்கே போகவே ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து மகிழ்ந்து, நிலையத்துக்குப் போகும் 9,000 கியாட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பஸ்ஸுக்குள் குளிரூட்டியை வைத்த வைப்பில் பற்கள் கிட்டின. ஸ்வெட்டர் பஸ்ஸின் அடியில் போட்ட பையில் இருந்தது. விடிகாலை நாலரை மணிக்கு, நல்ல இருட்டில், பகான் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அதுவும் ஊருக்கு வெளியே. இறங்கியதும் ஐந்தாறு ஓட்டுநர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நடக்க முடியாத தூரம், வேறு வண்டி கிடையாது என்றார்கள். தனியாக நின்ற எனக்குப் பயம் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். 15,000 கியாட் கேட்டவருடன் ஏறிவிட்டேன். வழியில் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. தொல்லியல் வட்டாரக் கட்டணம் 25,000. அதுவும் என் கணக்கில் இல்லை. விடுதிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை என்றார்கள். பக்கத்தில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் கேட்டபோது, அவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கு 5,000 கொடுத்து வந்தார்களாம். அதே பஸ்ஸில் வந்தவர்கள்! இறங்கியதும் இரண்டு நிமிடம் பொறுத்து, பயணிகளில் யார் என் பக்கம் போகிறார்கள் என்று கேட்டிருந்தால் 10,000 மிஞ்சியிருக்கும். விடிகாலையில் போய்ச் சேரும் வண்டியானால் விடுதியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், சில இடங்களில் சொல்லி வைத்தால் ஆள் அனுப்புகிறார்கள். அன்று வரவேற்பறை மூங்கில் சோபாவில் புடவையைப் போர்த்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

மின்சார ஸ்கூட்டர் நாள் வாடகை 6,000. முதல் நாளே மணற்பாதையில் மின்கலம் தீர்ந்து நின்றுவிட்டது. கடைக்காரர் எண்ணைக் குறித்து வைத்திருந்ததால் அரை மணியில் வேறு வண்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டார். 2016 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோயில்களின் மேல் ஏற விடுவதில்லை. மண்மேடுகளில் நின்றுதான் விடியலைப் பார்க்கிறார்கள். பனிக்குள்ளிருந்து செங்கல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதை இரண்டு நாளும் பார்த்தேன். ஆனால் என் மனதில் தங்கியது நாட்லாங் சாங் என்ற சின்னக் கோயில். பகானில் மிஞ்சியிருக்கும் ஒரே இந்துக் கோயில், திருமாலுக்கு எழுப்பியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்ற வணிகர், பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நின்றெரியும் விளக்கும் கொடுத்ததாகத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. எண்ணூறு ஆண்டுக்கு முன்னால் கடல் கடந்து வந்த ஒருவர், ஊருக்குத் திரும்பும் முன் ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் செங்கல் நிழலில், பையிலிருந்த அவித்த முட்டையையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரக்குக் கிண்ணம் வாங்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஊருக்கு வந்து கணக்கு எழுதியபோது, முன்யோசனை இருந்திருந்தால் மிஞ்சியிருக்கும் பணம் என்று தனியாகக் கூட்டினேன். நோட்டில் 30,000, முதல் இரவில் 25,500, பகான் டாக்சியில் 10,000. மொத்தம் 65,500 கியாட், நம் பணத்தில் ஏறக்குறைய 3,100 ரூபாய். அதோடு ஒன்றரை நாள். பணம் பெரிதில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பெரிதுதான், இரண்டரை மாதச் சேமிப்பு. அதைவிடப் பெரிது, கையில் தட்டுப்பாடு வந்ததும் நான் எப்படி மாறிப்போனேன் என்பது. முதல் மூன்று நாளும் சித்தி தட்டில் வைத்ததைக்கூடக் கணக்குப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவள் பேசியதில் பாதி காதில் விழவில்லை. இப்போது எங்கே போனாலும் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தனி உறையில் போட்டு, அது இல்லவே இல்லை என்ற எண்ணத்தோடுதான் திட்டம் போடுகிறேன். அதற்குப் பணம் போதவில்லை என்றால் நாளைக் குறைத்துக்கொள்கிறேன். பத்து நாள் பதறியபடி திரிவதைவிட ஏழு நாள் நிம்மதியாக இருக்கலாம். அதேபோல் கியாட் மாதிரி வெளியே விலைபோகாத பணமாக இருந்தால், கிளம்பும் முன் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

அந்த வீட்டில் தூங்கத்தான் விடவில்லையே தவிர, மற்ற எல்லாம் நடந்தது. ரங்கூன் மாடி வீடுகளில் இன்னும் பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்குகிறது. கீழ்நுனியில் ஒரு கவ்வி, மேலே ஒரு சின்ன மணி. செய்தித்தாளோ காய்கறியோ கவ்வியில் மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். அப்பாயி சொன்ன அதே கயிறு. ராத்திரி நான் விடுதிக்குக் கிளம்பித் தெருவில் இறங்கியதும், மறந்துவிட்ட ஏதாவது ஒன்றைச் சித்தி அதில் இறக்குவாள்: ஒரு சீப்பு வாழைப்பழம், கொசுவர்த்தி, ஒருநாள் கம்பளிப் போர்வை. கடைசி நாள் விடிகாலை நான் மாடி ஏறவில்லை, முந்தின இரவே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் பையோடு அந்த வழியாகப் போகும்போது கயிறு இறங்கியது. பிளாஸ்டிக் பையில் இட்லிப் பொட்டலம். அதன் அடியில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்த நோட்டுகள், ஒன்றில்கூட மடிப்பில்லை. முதல் இரவு நான் கொடுத்த 37,500 கியாட். மேலே பார்த்தேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா நின்றிருந்தார், எதுவும் பேசவில்லை. விமான நிலைய பஸ்ஸுக்கு வேண்டிய ஐந்நூறு கியாட் நோட்டு ஒன்றை மட்டும் உருவிக்கொண்டேன். மற்றதை அதே அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கவ்வியில் மாட்டி, கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது.